பழைய ஸ்டோரில் ஒரு வாசிகசாலை: மலையகத்துப் பழங்கட்டடங்களைப் படிப்பிடமாக மாற்றும் முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்தில், உங்கள் தேயிலைத் தோட்டத்தில் சும்மா கிடக்கும் பழைய கட்டடம் ஒன்றைப் படிப்பகமாக்க வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டதா? முதலில் குடையை எடுத்துக்கொண்டு, நல்ல மழை பெய்யும் நேரம் அங்கே போய் ஒரு மணி நேரம் நில்லுங்கள். பொறியியலாளரைக் கூப்பிடுவதும் பணம் திரட்டுவதும் அப்புறம். வெயில் நாளில் எல்லாக் கட்டடமும் நன்றாகத்தான் இருக்கும். கூரை எந்த மூலையில் ஒழுகுகிறது, கூரைத் தண்ணீரை ஏந்தும் பீலி எங்கே நிரம்பி வழிகிறது, மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீர் எந்தச் சுவரில் வந்து முட்டுகிறது என்பதையெல்லாம் மழையில்தான் பார்க்க முடியும். பார்த்ததை ஒரு கொப்பியில் படமாக வரைந்து வையுங்கள். இனி வரும் வேலை முழுவதும் அந்தப் படத்தைச் சுற்றித்தான் நடக்கும்.

எந்தக் கட்டடத்தை எடுப்பது

பழங்கட்டடம் என்றதும் எல்லோரும் துரை பங்களாவை, அதாவது தோட்ட மேலாளரின் வீட்டைத்தான் பார்க்கிறார்கள். கந்தப்பளையில் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலை 1990களில் ஹோட்டலாக மாறியது. கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட தொழிற்சாலை 2001இல் தேயிலை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. உள்ளே நூலகமும் இருக்கிறது. இரண்டும் பார்த்துப் படிக்க வேண்டிய வேலைகள். ஆனால் நம் கைக்கு எட்டுகிற கட்டடங்கள் வேறு. பூட்டிக் கிடக்கும் பிள்ளைக்காம்பரா (குழந்தைகள் காப்பகம்), தொழிலாளரைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்துப் பக்கத்தில் இருக்கும் பழைய ஆபீஸ், உரம் வைத்த கல்கட்டடம், ஒரே மண்டபமாக இருந்த தோட்டப் பள்ளிக்கூடம், இயந்திரங்களைக் கழற்றி விற்றுவிட்ட ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை.

1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைத் தோட்ட முதலாளிகள் தலையில் வைத்தது. அதற்குப் பிறகு எழுந்த ஒற்றை மண்டபப் பள்ளிகளில்தான் நம் தாத்தா பாட்டிமார் அகரம் படித்தார்கள். பங்களாவைக் காப்பாற்ற ஆள் இருக்கிறது. இந்த மண்டபங்களுக்கு யாரும் இல்லை. என்னைக் கேட்டால் இவற்றிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். சின்னது, ஒரு தளம்தான், ஊரின் நடுவில் இருக்கிறது, பிள்ளைகள் நடந்தே வரலாம்.

கடதாசி வேலை

அலுப்பான பகுதிதான், ஆனால் இங்கேதான் பல முயற்சிகள் செத்துப்போகின்றன. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களுக்குப் பிறகு பெருந்தோட்டக் காணிகள் அரசின் கைக்கு வந்தன. 1992 முதல் பெரும்பாலானவற்றைக் குத்தகை அடிப்படையில் பெருந்தோட்டக் கம்பனிகள் நடத்துகின்றன. தோட்டப் பள்ளிகளோ 1970களிலிருந்து அரசுப் பள்ளிகளாயின. ஆகவே ஒரே தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களுக்கு வேறு வேறு சொந்தக்காரர்கள் இருக்கலாம். துரை வாயால் சொன்ன சம்மதத்தை நம்பி வேலை தொடங்கக் கூடாது. அவர் மாற்றலாகிப் போய்விட்டால் புதிய துரைக்கு எதுவும் தெரியாது. எழுத்தில், குறைந்தது பத்து வருடத்துக்கு, யார் பராமரிப்பது என்பதையும் சேர்த்து வாங்குங்கள்.

அடுத்தது பிரதேச சபை அனுமதி. பாவனை மாறுகிறது என்றால் திருத்த வேலைக்கும் அனுமதி தேவைப்படலாம். கட்டடம் நூறு வருடம் தாண்டியிருந்தால் தொல்பொருள் திணைக்களத்திடமும் ஒரு கடிதம் கொடுத்துக் கேட்டுவிடுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அப்படிப்பட்ட கட்டடங்களைப் பாதுகாக்கப்பட்டவையாக அறிவிக்க முடியும். அறிவிக்கப்பட்டதில் அனுமதியில்லாமல் கை வைப்பது குற்றம்.

மலை நிற்குமா

மலையகத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் வராமல் ஒரு ஆணி கூட அடிக்கக் கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு அபாய அறிக்கை கேளுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. எச்சரிக்கை அதற்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது.

அறிக்கை வரும்வரை உங்கள் கண்ணாலும் பாருங்கள். கட்டடத்துக்கு மேலே உள்ள சரிவில் பிறை வடிவில் வெடிப்பு இருக்கிறதா, மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா, இல்லாத இடத்தில் புதிதாக ஊற்று கிளம்பியிருக்கிறதா, ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கி வருகிறதா, நேற்றுவரை மூடிய கதவு இன்று இறுகுகிறதா. இதில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் அந்தக் கட்டடத்தை விட்டுவிடுங்கள். எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் உட்கார வைக்க முடியாது.

தொடுவதற்கு முன் பதிவு

ஒவ்வொரு அறையையும் நான்கு மூலையிலிருந்தும் படம் எடுங்கள். அளந்து வரையுங்கள். கதவு, ஜன்னல், பூட்டு, கொண்டி எல்லாவற்றுக்கும் இலக்கம் போடுங்கள். சுவர் வெடிப்புகளின் குறுக்கே பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதி, இரண்டு மூன்று மாதம் கழித்து அகலம் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். கூடாத வெடிப்பு பழைய காயம். கூடுகிற வெடிப்புக்குப் பொறியியலாளர் வேண்டும்.

அதோடு ஊரின் வயதானவர்களைக் கூட்டி வந்து உள்ளே நடக்க விடுங்கள். எங்கள் வேலையில் ஒரு பாட்டி வந்து, மூடிக் கிடந்த ஒரு சுவரைத் தட்டி, "இங்க ஒரு வாசல் இருந்துச்சு தம்பி, இதுலதான் பால் மா குடுப்பாங்க" என்றார். பூச்சைச் சுரண்டினால் உண்மையிலேயே நிலை இருந்தது. அவசர வாசலுக்காகச் சுவரை உடைக்கத் திட்டம் போட்டிருந்தோம். அந்தச் செலவு மிச்சமாயிற்று.

தண்ணீருக்கு வழி

பழைய மேசன்மார் தண்ணீரோடு சண்டை போடவில்லை, அதற்கு வழி விட்டார்கள். கட்டடத்தின் மேட்டுப் பக்கம் ஒரு கான், அதாவது வடிகால், இருக்கும். வருடக்கணக்காக மண் விழுந்து அது மூடிப்போயிருக்கும். பலர் அப்படி ஒன்று இருந்ததே தெரியாமல் அதன் மேல் பூச்செடி நட்டிருப்பார்கள். முதல் மண்வெட்டு அங்கே விழட்டும். பழைய கானைத் தோண்டி எடுத்து, நூறடிக்கு ஓரடியாவது இறக்கம் இருக்கிறதா என்று நீர்மட்டக் குழாய் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் போய் விழும் இடம் அடுத்த லயத்தின் முற்றமாக இருந்துவிடக் கூடாது.

வெளித்தரை உள்தரையை விட ஒரு சாண் அளவாவது தாழ்ந்திருக்க வேண்டும். சுவரோடு ஒட்டிப் போட்ட சீமெந்து நடைபாதை இருந்தால், சுவர் ஓரத்தில் ஒரு முழம் உடைத்து எடுத்துச் சரளைக் கல் நிரப்புங்கள். மண்ணுக்குள் இருக்கும் ஈரம் அதன் வழியாக வெளியே போகும். கல்கட்டுகளை, அதாவது மண்ணைத் தாங்க அடுக்கிய கற்சுவர்களை, சீமெந்து பூசி 'பலப்படுத்த' வேண்டாம். இடுக்கு வழியே கசியும் தண்ணீரை அடைத்தால் அது பின்னால் தேங்கித் தள்ளும், கொஞ்ச நாளில் சுவர் வயிறு தள்ளி நிற்கும்.

பீலிக்குக் கணக்கு சுலபம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். 200 சதுர மீட்டர் கூரையில் ஒரு மணி நேரத்துக்கு 50 மில்லிமீட்டர் அடித்தால் 10,000 லீற்றர் இறங்கும். கடையில் வீட்டுக்கு விற்கும் சின்ன பிளாஸ்டிக் பீலி அதைத் தாங்காது. அகலமான பீலியும் கூடுதலான இறக்கு குழாய்களும் போடுங்கள். அந்தத் தண்ணீரில் ஒரு பங்கைத் தொட்டியில் பிடித்தால் கழிவறைக்கு வருடத்தில் பாதி நாள் போதும்.

சுண்ணாம்பு

இங்கே என் சொந்தத் தவறைச் சொல்லிவிடுகிறேன். முதன்முதலாக நாங்கள் எடுத்த கல்கட்டடத்தில் உள்சுவர் ஈரமாக இருந்தது. ஒரு ஒப்பந்தக்காரர் வந்து, "பழைய பூச்சைக் கொத்திட்டு நல்லா சீமெந்து அடிச்சா ஒரு சொட்டு வராது" என்றார். நம்பினோம். மினுமினுவென்று பூசி, பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்து, திறப்பு விழாவில் படமும் எடுத்துக்கொண்டோம். இரண்டாவது மழைக்காலத்தில் இடுப்பளவில் இருந்த ஈரம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழுந்தது. அலுமாரிக்குப் பின்னால் இருந்த புத்தகங்களில் பச்சைப் பூஞ்சணம்.

காரணம் எளிது. கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய தடித்த சுவர் ஈரத்தை உறிஞ்சும், காற்று வீசும்போது வெளியே விடும். சீமெந்து அந்த மூச்சை அடைக்கிறது. வெளியே போக முடியாத ஈரம் மேலே ஏறுகிறது. மறுபடி எல்லாவற்றையும் கொத்தி எடுத்துச் சுண்ணாம்புக்குப் போனோம். ஒரு வேலைக்கு இரண்டு செலவு.

உங்கள் கட்டடம் எதனால் ஆனது என்று பார்க்க ஒரு நாலங்குல ஆணி போதும். கல் இடுக்கில் வைத்து அழுத்திக் கீறுங்கள். மாவாக உதிர்ந்தால் சுண்ணாம்பு அல்லது மண் சாந்து. ஆணி வழுக்கினால் சீமெந்து. 1920களுக்குப் பிந்திய கட்டடங்கள் சிலவற்றில் தொடக்கத்திலேயே சீமெந்து இருக்கும். அவற்றில் சுண்ணாம்பை வலிந்து திணிக்கத் தேவையில்லை.

சுண்ணாம்பு நமக்குத் தூரமில்லை. மாத்தளை, திகன பக்கத்துச் சூளைகளில் சுடுகிறார்கள். அந்தக் கல்லில் மக்னீசியம் கூடுதல், அதனால் நீறுவதற்கு, அதாவது தண்ணீர் குடித்துக் குழைந்து போவதற்கு, நாளாகும். அவசரப்பட்டுப் பூசினால் சுவரில் ஏறிய பிறகு நீறி, பூச்சைத் தள்ளி வெடிக்க வைக்கும். பீப்பாவில் முக்கால்வாசி தண்ணீர் வைத்து, சுட்ட கல்லைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். தண்ணீரைக் கல்லின் மேல் ஊற்றாதீர்கள். போட்ட கொஞ்ச நேரத்தில் சோற்றுப்பானை போலக் கொதிக்கும், ஆவி முகத்தில் அடிக்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். பிள்ளைகளைக் கிட்ட விடவே கூடாது. பிறகு சல்லடையில் வடித்து, மேலே இரண்டு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடி மூன்று மாதமாவது வையுங்கள். எங்களுக்கு வந்த மேசன் பாஸுக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். கரண்டியில் அதை எடுத்துத் தலைகீழாகப் பிடித்தார், விழவில்லை. "தயிர் மாதிரி நிக்கணும் தம்பி, அப்பதான் சரி" என்றார்.

அந்தச் சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய கரகரப்பான மணல் மூன்று பங்கு. இடுக்குகளை ஓரங்குலம் ஆழமாகச் சுரண்டி, தண்ணீர் தெளித்து, சாந்தை அழுத்தி அடையுங்கள். பூச்சு ஒரு தடவைக்குப் பத்து மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். அடுத்த பூச்சுக்கு ஒரு வாரமாவது விடுங்கள், மூடுபனிக் காலமானால் இன்னும் கூட. காய்கிற நாட்களில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு வெயிலையும் சாரலையும் தடுங்கள். கடைசியில் மெல்லிய சுண்ணாம்பு வெள்ளை நாலைந்து தடவை. பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டவே வேண்டாம்.

கூரை

தகரம் என்றால் இடியும் மழையும் ஒன்றுதான். பெரிய மழையில் ஆசிரியர் கத்தினாலும் மூன்றாவது வாங்குக்குக் கேட்காது. இன்னொரு தொல்லை, விடியற்காலையில் தகரத்தின் அடிப்பக்கம் வியர்க்கும். சொட்டுச் சொட்டாகக் கொப்பியில் விழும். இரண்டுக்கும் ஒரே மருந்து, பலகைச் சீலிங். பலகைக்கு மேல் தும்பு மெத்தையோ கல்நார் அல்லாத கம்பளி விரிப்போ போட்டு, அதற்கும் தகரத்துக்கும் நடுவில் காற்று போக இடைவெளி விடுங்கள். கூரை ஓரங்களில் காற்று வழி இல்லாவிட்டால் சீலிங்கே நனைந்து உளுத்துவிடும்.

பழைய தகரம் தடிப்பு அதிகம். துரு மேலோட்டமாக இருந்தால் சுரண்டித் துருத் தடுப்பு பூசி இன்னும் பல வருடம் ஓட்டலாம். ஆணித் துளைகள்தான் முதலில் ஒழுகும். ரப்பர் வோஷர் வைத்த திருகாணி மாற்றினால் பாதி ஒழுக்கு நின்றுவிடும்.

இடையில் யாராவது கல்நார் சீட் போட்டிருந்தால் கவனம். உடைக்கவோ அறுக்கவோ துளைக்கவோ கூடாது. தண்ணீர் தெளித்து, நல்ல முகக்கவசம் போட்டு, முழுத் தகடாகக் கழற்றித் தடித்த பொலித்தீனில் சுற்ற வேண்டும். அதன் தூசு நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. பழைய கதவு ஜன்னல் பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதையும் நனைத்தே தேயுங்கள்.

மரமும் எடையும்

கறையான், உளுப்பு இரண்டையும் திருப்புளியால் குத்திப் பாருங்கள். வளைகளின், அதாவது பாரம் தாங்கும் உத்திரங்களின், நுனி சுவருக்குள் போகும் இடம்தான் முதலில் உளுக்கும். முழு வளையையும் மாற்ற அவசரப்படாதீர்கள். உளுத்த நுனியை வெட்டி, அதே வகை மரத்தில் ஒட்டுப் போட்டு இறுக்கத் தெரிந்த தச்சுப் பாஸ்மார் இன்னும் இருக்கிறார்கள்.

ஸ்டோரின் மேல்தட்டுகள் கொழுந்து வாட்டக் கட்டியவை. மெல்லிசாகப் பரப்பிய கொழுந்தின் பாரம் வேறு, நாற்பது பிள்ளைகளின் பாரம் வேறு. வகுப்பறைக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ தாங்கும் தளம் வேண்டும். இரண்டு மீட்டர் உயரப் புத்தக அடுக்குகளுக்கு அதைவிட நிறையக் கூடுதலாகக் கணக்கு வைப்பார்கள். ஆகவே நூலகம் எப்போதும் கீழ்த்தளத்தில். மேல்தட்டைச் சித்திரம், இசை, கூட்டம் என்று வைத்துக்கொள்ளலாம், அதுவும் பொறியியலாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு. மரத்தளத்துக்கு இரண்டு படிக்கட்டு கட்டாயம். கதவுகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும்.

வகுப்பறையாக்குவது

இந்தப் பழைய ஸ்டோர்களின் பெரிய சொத்து அவற்றின் ஜன்னல்கள். இரு பக்கமும் வரிசையாக நிற்கும். அவற்றை அடைத்துவிட்டு உள்ளே குழாய் விளக்கு போடுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். படிக்கும் மேசையில் 300 லக்ஸ் வெளிச்சம் இருந்தால் போதும். கைத்தொலைபேசிச் செயலியிலேயே தோராயமாக அளக்கலாம். உட்சுவரை வெள்ளையாக வைத்தாலே மூடுபனி இல்லாத பகலில் விளக்குத் தேவைப்படாது. ஜன்னல் நிலைகளைச் சீவி, இடுக்குக்குத் துணிப்பட்டி ஒட்டுங்கள், நுவரெலியாக் குளிருக்கு அது பெரிய உதவி. ஆனால் மேல் ஜன்னல் ஒன்றாவது எப்போதும் கொஞ்சம் திறந்திருக்கட்டும். முப்பது பிள்ளைகள் மூடிய அறையில் இருந்தால் பாடம் முடியுமுன் கொட்டாவி தொடங்கிவிடும்.

பழைய மின்கம்பிகளை முழுக்கக் கழற்றி எறியுங்கள். புதியதைச் சுவரைக் கொத்தாமல் குழாயில், வெளிப்படையாகவே கொண்டுபோங்கள், அசிங்கமில்லை. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சும் நல்ல நில இணைப்பும் வேண்டும்.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும் 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளும் மாற்றுத்திறனாளிகளுக்கு வழி விடச் சொல்கின்றன. சாய்வுப் பாதைக்குக் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. இஸ்தோப்பு (முன் திண்ணை) 60 சென்ரிமீட்டர் உயரம் என்றால் பாதை 7.2 மீட்டர் நீளம். அதைப் பழைய சுவரோடு ஒட்டாமல் தள்ளிக் கட்டினால் பிற்காலத்தில் கழற்றவும் முடியும்.

கழிவறையைப் பழைய கட்டடத்துக்குள் திணிக்காதீர்கள். தனியாக, ஊற்றுக்குக் கீழ்ப்புறமாக, மலக்குழி ஊற்றிலிருந்து 15 மீட்டருக்குக் குறையாமல் தள்ளி. பெண்பிள்ளைகளுக்குத் தனியாக, உள்ளே தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ளதாக. இது இல்லாத நூலகத்துக்குப் பெரிய பிள்ளைகள் வரமாட்டார்கள்.

எப்போது தொடங்குவது

ஹட்டன், வட்டவளை, மஸ்கெலியாப் பக்கம் வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை தென்மேல் மழை. அங்கே தை முதல் பங்குனிக்குள் கூரையும் பூச்சும் முடிந்துவிட வேண்டும். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் நேர் எதிர். ஆனி முதல் ஆவணி வரைதான் காய்ந்த காலம். சுண்ணாம்பு மூன்று மாதம் ஊற வேண்டும் என்பதையும் சேர்த்துப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஹட்டனில் தை மாதம் பூச வேண்டுமானால் ஐப்பசியிலேயே பீப்பா நிரம்பியிருக்க வேண்டும். பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். பழைய சுவரைத் திறந்தால் உள்ளே என்ன கிடக்கும் என்று யாருக்கும் தெரியாது.

திறப்பு விழாவுக்குப் பிறகு

விழாவுக்கு அடுத்த நாளே பராமரிப்புக் கொப்பி ஒன்று தொடங்குங்கள். மாதம் ஒரு முறை பீலியும் கானும் சுத்தம். மழைக்கு முன் கூரை ஆணிகள். வருடம் ஒரு முறை வெள்ளை. யார் செய்தார், என்றைக்கு என்று கையெழுத்தோடு. சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும், ஒருவர் தோட்டத் தலைவராக இருந்தால் மற்றவர் ஆசிரியராக இருக்கட்டும்.

முற்றத்தில் ஒரு மழைமானி நடுங்கள். தினமும் காலையில் ஒரு பிள்ளை அளவைப் பார்த்துப் பலகையில் எழுத வேண்டும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் மூட்டையைக் கட்டி ஆயத்தம், 150 என்றால் சரிவில் உள்ளவர்கள் வெளியேறும் நேரம். எங்கள் பலகையில் அந்த எண்ணை முதலில் பார்ப்பது பிள்ளைகள் அல்ல, கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற வழியில் கூடையோடு நின்று பார்த்துவிட்டுப் போகிற அம்மாமார்.